கொத்தினால் மீண்டும் ஓடும்

கோவையில் பி. சபாபதி 1955இல் மாவாட்டும் இயந்திரமான கிரைண்டரைச் செய்தார். ஆட்டுரலில் கை சுற்றுவது குழவியை, உரல் அசையாது. கிரைண்டரிலோ உரலை மோட்டார் சுற்றும், குழவி இருந்த இடத்திலேயே உருளும். அந்த மாற்றம் எத்தனை தோள்களுக்கு ஓய்வு தந்தது!

அம்மா வாங்கிய பெரிய கிரைண்டர் என் வீட்டில் இன்னும் ஓடுகிறது. தேய்வது பெல்ட்டும் பேரிங்கும்தான். இரண்டும் கடையில் தனியாகக் கிடைக்கும். திருகாணியைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊத்துக்குளிக் கருங்கல் வழவழத்துப் போனால், உளியால் கொத்தியதும் உளுந்து பழையபடி பொங்கும். கழற்ற முடியாதபடி ஒட்டி மூடிய பொருளை நான் வாங்குவதில்லை. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. கல் கொத்துபவருக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.