1992 உக்ரைன் லீக்: அரைப் பருவமும் முழு அதிகாரமும்

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992 மார்ச்சில் உக்ரைனின் முதல் உயர்நிலைக் கால்பந்து லீக் தொடங்கியது. ஜூன் 21 அன்று லிவிவ் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தோடு முடிந்தும்விட்டது. 20 அணிகள் இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து தலா 18 ஆட்டங்கள் ஆடின. பிரிவில் முதலிடம் பெற்ற இருவர் பட்டத்துக்காக ஒரே ஆட்டத்தில் மோதினர். அந்த ஆட்டத்தில் கிரீமியாவின் தவ்ரியா சிம்ஃபெரோபோல், 13 முறை சோவியத் பட்டம் வென்ற டைனமோ கீவை 1-0 என்று வீழ்த்தியது. அடுத்த ஒன்பது பட்டங்களையும் டைனமோவே வென்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டைனமோ, ஷக்தார் டொனெட்ஸ்க் ஆகிய இரண்டைத் தவிர வேறெந்தக் கழகத்துக்கும் பட்டம் கிட்டவில்லை. ஆகவே முதல் பருவத்தை அவசரத்தில் பிறந்த அரைகுறைப் போட்டி என்றும், தவ்ரியாவின் வெற்றியை அந்த அவசரம் தந்த விபத்து என்றும் ஒதுக்கிவிடுவது எளிது. இந்த மதிப்பீடு விளையாட்டுத் தரத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறது. ஒரு நாட்டின் முதல் லீக் முதன்மையாக ஓர் அதிகார எல்லையை நிறுவும் செயல்; அந்த அளவில் 1992ஆம் ஆண்டின் பருவம் குறையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதிகார எல்லை என்று இங்கே சொல்வது கொடியையோ பாட்டையோ அல்ல. ஆட்டக்காரரை யார் பதிவு செய்கிறார், தண்டனையை யார் விதிக்கிறார், யார் கீழிறங்குவது என்று எந்த அட்டவணை தீர்மானிக்கிறது, ஐரோப்பியக் கோப்பைகளுக்கு யாரை அனுப்புவது என்று யார் முடிவெடுக்கிறார் என்பவையே அது. 1991 வரை இவற்றில் உயர்நிலைக் கழகங்களைத் தொடும் எல்லா முடிவுகளும் மாஸ்கோவில் எடுக்கப்பட்டன. புதிய அதிகாரத்தின் முதல் தடயம் நாட்காட்டியில் இருக்கிறது. சோவியத் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும். உக்ரைன் கால்பந்துக் கூட்டமைப்பு வசந்தத்தில் ஒரு குறும்பருவத்தை முடித்துவிட்டு, மேற்கு ஐரோப்பாவைப் போலக் கோடையின் இறுதியில் அடுத்த பருவத்தைத் தொடங்கியது. ரஷ்யாவின் முதல் லீக்கும் அதே ஆண்டு 20 அணிகளோடு, இரண்டு பிரிவுகளாகத்தான் தொடங்கியது. எனவே அமைப்பின் வடிவத்தை உக்ரைனின் தனித்தன்மையாகக் காட்டுவது பொருந்தாது. ஆனால் ரஷ்யா பழைய நாட்காட்டியிலேயே இருபது ஆண்டுகள் நீடித்தது. உக்ரைனின் அரைப் பருவம் ஒரு மாற்றத்துக்காகத் தெரிந்தே கொடுத்த விலை என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. நேரம் போதாமையின் விளைவாக மட்டும் அதைப் படிப்பது சரியல்ல.

இரண்டாவது தடயம் அணித்தேர்வில். 1991ஆம் ஆண்டின் கடைசி சோவியத் உயர் லீக்கில் 16 அணிகள் இருந்தன. டைனமோ கீவ், டினிப்ரோ, ஷக்தார், மெட்டலிஸ்ட் கார்கிவ், சோர்னோமோரெட்ஸ் ஒடேசா, மெட்டலூர் சப்போரிஷியா ஆகிய ஆறு உக்ரைனைச் சேர்ந்தவை, ரஷ்யாவுக்கும் ஆறுதான். தரமே நோக்கமாக இருந்திருந்தால் இந்த ஆறையும் இரண்டாம் நிலையில் ஆடிவந்த தவ்ரியா, புக்கோவினா செர்னிவ்ட்ஸி ஆகியவற்றையும் கொண்டு ஒரு சிறிய, வலுவான லீக்கை அமைத்திருக்கலாம். கூட்டமைப்பு அதைச் செய்யவில்லை. கீழ்நிலைகளிலிருந்து 12 அணிகளை மேலே கொண்டுவந்தது; சோவியத் உக்ரைனின் குடியரசுக் கோப்பையை வென்றிருந்த டெம்ப், ஷெப்பெட்டிவ்கா என்ற சிறிய ரயில் சந்திப்பு ஊரிலிருந்து நேரே உயர் லீக்குக்கு வந்தது. இங்கே ஓர் ஆட்சேபம் எழும்: சோவியத் காலத்திலேயே கீழ்நிலை லீக்கில் உக்ரைன் மண்டலம் என்று ஒன்று பல்லாண்டுகளாக இயங்கியது, குடியரசுக்கென வாகையரும் இருந்தனர், 1992இல் அதற்குப் பெயர்தானே மாறியது? நிர்வாகப் பழக்கம் அங்கிருந்து வந்தது உண்மை. அது இல்லாவிட்டால் சில வாரங்களில் ஒரு லீக்கைக் கட்டி எழுப்பியிருக்க முடியாது. ஆனால் அந்த மண்டலத்தில் டைனமோ ஆடவில்லை. வலிமை மிக்கவை மாஸ்கோவின் அட்டவணையிலும் எஞ்சியவை குடியரசின் அட்டவணையிலும் இருப்பதே பழைய ஏற்பாட்டின் சாரம். ஷெப்பெட்டிவ்காவும் கீவும் ஒரே சட்டத்தின் கீழ் ஒரே பட்டத்துக்கு ஆடியபோது அந்த ஏற்பாடு முறிந்தது.

தவ்ரியாவின் பட்டம் தற்செயல் என்ற வாதத்தைக் கவனமாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் பட்டத்தைத் தீர்மானிக்கும் முறை சிறிய அணிக்குச் சாதகமானது. இருசுற்று முழு லீக்காக இருந்திருந்தால் டைனமோ வென்றிருக்க வாய்ப்பு மிகுதி. டைனமோவும் பழைய டைனமோவாக இல்லை. மிகைலிச்சென்கோ, ப்ரொதாசொவ், லிதோவ்சென்கோ, ஒலெக் குஸ்னெட்சொவ் ஆகியோர் 1990இலும் யூரான் 1991இலும் மேற்கே சென்றிருந்தனர்; பயிற்சியாளர் லொபனோவ்ஸ்கி வளைகுடாவில் இருந்தார். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டாலும், தன் பிரிவில் ஷக்தாரையும் சோர்னோமோரெட்ஸையும் பின்தள்ளியே தவ்ரியா இறுதிக்கு வந்தது. 12 கோல்களோடு பருவத்தின் முதன்மை கோலடிப்பவராக விளங்கிய யூரி ஹுடிமென்கோ அந்த அணியைச் சேர்ந்தவர். ஒரு மாலையின் அதிர்ஷ்டம் 18 ஆட்டங்களை விளக்காது. அதைவிட முக்கியமானது, அந்த முடிவை எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்டது. 1991 டிசம்பர் வாக்கெடுப்பில் நாடு முழுதும் 90 விழுக்காட்டுக்கு மேல் விடுதலையை ஆதரித்தபோது கிரீமியாவில் ஆதரவு 54 விழுக்காடுதான். 1992 மே மாதம் கிரீமிய நாடாளுமன்றம் தனிநாட்டு அறிவிப்பு வெளியிட்டு, கீவின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெற்றது. கருங்கடல் கடற்படை யாருக்கு என்ற பூசலும் ஓயவில்லை. அடுத்த மாதமே அந்தக் கிரீமியாவின் கழகம், உக்ரைன் தேசியத்தின் கோட்டையான லிவிவில், தலைநகரின் கழகத்தை செர்ஹி ஷெவ்சென்கோ அடித்த ஒரே கோலால் வென்று நாட்டின் பட்டத்தை வாங்கிச் சென்றது. கிரீமிய மக்கள் இதனால் தங்களை உக்ரைனியராக உணர்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று கிடையாது. தலைநகரின் பெரும் கழகம் தோற்ற பின்னும் லீக்கின் தீர்ப்பு நின்றது என்பதே சான்று. டைனமோ வென்றிருந்தால் இந்தச் சோதனையே நடந்திருக்காது. மாஸ்கோ தந்த பெருமையைக் கீவ் தன் வீட்டில் தொடர்ந்தது என்ற அளவில் கதை முடிந்திருக்கும்.

இந்த அதிகாரம் எங்கே செல்லுபடியாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தவ்ரியா லிவிவில் வென்றதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 18 அன்று, சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு என்ற பெயரில் ஆடிய முன்னாள் சோவியத் தேசிய அணி ஸ்வீடனில் ஐரோப்பிய வாகையர் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடம் 0-3 எனத் தோற்றது. உக்ரைனில் வளர்ந்த மிகைலிச்சென்கோவும் குஸ்னெட்சொவும் அந்த அணியில் இருந்தனர். இல்லாமல் போன ஒரு நாட்டுக்குத் தேசிய அணி இருந்தது. இருக்கும் நாட்டின் அணிக்கு, ஏப்ரல் 29 அன்று உஷ்ஹொரோடில் ஹங்கேரியிடம் 1-3 எனத் தோற்றது போன்ற நட்பு ஆட்டங்களே வாய்த்தன. 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சோவியத் இடம் ரஷ்யாவுக்குப் போனது. உக்ரைன் தன் முதல் தகுதி ஆட்டத்துக்கு 1994 செப்டம்பர் வரை காத்திருந்தது. இதன் இழப்பு ஆள்கணக்கிலும் தெரியும். லுஹான்ஸ்கில் பிறந்த ஒனொப்கோ ஷக்தாரிலிருந்து ஸ்பார்ட்டாக் மாஸ்கோவுக்குச் சென்று பின்னாளில் ரஷ்ய அணித்தலைவரானார். 1992 மே 31 அன்று முதல் உக்ரைன் கோப்பையைக் கூடுதல் நேர கோலால் சோர்னோமோரெட்ஸுக்கு வென்று தந்த சிம்பலார், உக்ரைனுக்காகச் சில நட்பு ஆட்டங்கள் ஆடியபின் ரஷ்யாவைத் தேர்ந்தார். இவற்றைக் கொண்டு லீக் வெறும் காகித அதிகாரம் என்று வாதிடலாம். எனக்கு இது எதிர்த்திசையிலேயே சாட்சி சொல்கிறது: தேசிய அணி ஏறத்தாழ முடங்கிக் கிடந்த இரண்டரை ஆண்டுகளில் உக்ரைன் கால்பந்துக்கு உலகோடு இருந்த முதன்மையான போட்டித் தொடர்பு, லீக்கும் கோப்பையும் தேர்ந்தெடுத்து அனுப்பிய கழகங்கள்தாம்.

ஜார்ஜியக் கழகங்கள் 1990இலேயே சோவியத் லீக்கை விட்டு விலகித் தங்களுக்கென லீக் நடத்தின. வெளி ஏற்பு இல்லாததால் அவற்றின் வாகையர் ஐரோப்பாவில் களமிறங்க 1993 வரை ஆயிற்று. உக்ரைனுக்கு இந்த இடைவெளி சில வாரங்களே. 1992 கோடையில் தவ்ரியா வாகையர் லீக்கின் தொடக்கச் சுற்றில் அயர்லாந்தின் ஷெல்போர்னைத் தாண்டி, அடுத்து ஸ்விட்சர்லாந்தின் சியோனிடம் இரு ஆட்டங்களிலும் தோற்றது. வலுவற்ற வாகையரை அனுப்பி நாடு ஒரு வாய்ப்பை வீணாக்கியது என்பது கால்பந்து நோக்கில் நியாயமான குறை. ஆயினும் பட்டத்தை வென்றவரே செல்வார் என்ற விதி, வலியவரே செல்ல வேண்டும் என்ற விருப்பத்துக்கு மேலே வைக்கப்பட்டது. அந்த வரிசையை முதல் ஆண்டிலேயே மாற்றியிருந்தால் பிறகு எந்தப் பட்டத்துக்கும் பொருள் இருந்திருக்காது.

கடைசி ஆட்சேபமே கடினமானது. 2014இல் ரஷ்யா கிரீமியாவைக் கைப்பற்றியதும் தவ்ரியா அங்கே கலைக்கப்பட்டது. பின்னர் கெர்சோன் பகுதியில் அதே பெயரில் புத்துயிர் பெற்றது. கழகத்தையே காக்க முடியாத லீக்கின் அதிகாரம் எதற்குப் பயன்? படைகள் கடக்கும் எல்லையை லீக் தடுக்காது. தடுக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று கிரீமியக் கழகங்களை ரஷ்யா தன் மூன்றாம் நிலை லீக்கில் சேர்த்தபோது, ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் டிசம்பரில் அதைத் தடை செய்து, கிரீமியாவைத் தன் நேரடிக் கவனிப்பில் ஒரு தனி மண்டலமாக்கியது. உக்ரைன் கூட்டமைப்பின் எல்லைக்குள் அதன் ஒப்புதலின்றி வேறொரு கூட்டமைப்பு லீக் நடத்தக் கூடாது என்பதே அந்தப் பூசலின் மையம். அந்த எல்லைக்குள் கிரீமியா இருந்தது என்பதற்கு விளையாட்டுப் பதிவேட்டில் இருக்கும் மிகப் பழைய, மிகத் தெளிவான சான்று, 1992ஆம் ஆண்டின் வாகையர் பட்டியலில் சிம்ஃபெரோபோலின் பெயர்.