வீட்டுக்குள் ஒரு வெற்றி விழா

2020 மே 7ஆம் திகதி வெசாக். ஊரடங்குச் சட்டத்தினால் கொழும்பின் வீதிகளில் பந்தலும் இல்லை, தன்சலும் இல்லை. மக்கள் தத்தம் வீட்டு வாசலில் கூடு கட்டித் தொங்கவிட்டதோடு அவ்வருட வெசாக் அடங்கிப்போனது. மறுநாள் தொலைக்காட்சியில் பிரித்தானியாவும் வீட்டுக்குள் ஒரு விழா எடுப்பதைக் கண்டேன். ஐரோப்பாவில் நாசி ஜேர்மனி வீழ்ந்ததன் 75ஆவது ஆண்டு நிறைவு அது.

அந்த நாளுக்காக வழமையான மே மாதத் திங்கட்கிழமை விடுமுறையை வெள்ளிக்கிழமைக்கு முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள். பெரும் விழாக்கள் திட்டமிடப்பட்டிருந்தன. கொரோனா அனைத்தையும் குழப்பியது. காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம்; பின்னர் வீட்டு முற்றங்களில் கொடித்தோரணம், தேநீர், எட்ட நின்று அயலவருக்குக் கையசைப்பு. இரவு 9 மணிக்கு எலிசபெத் மகாராணி உரையாற்றினார். 1945இல் அவரது தந்தை ஆறாம் ஜோர்ஜ் மன்னர் வானொலியில் பேசிய அதே நேரம்.

1945இல் நிலைமை நேர்மாறு. பிற்பகல் 3 மணிக்குச் சேர்ச்சில் வானொலியில் செய்தியை அறிவித்ததும் இலண்டன் வீதிக்கு வந்தது. 19 வயது இளவரசி எலிசபெத்தும் தங்கை மார்கரெட்டும் அன்றிரவு அடையாளம் தெரியாமல் சனத்திரளில் கலந்தார்கள். 2020இல் அந்தச் சனத்திரளில் எஞ்சியிருந்தோர் முதியவர்கள். கொள்ளைநோய்க்கு முதல் இலக்கானவர்களும் அவர்களே. விழா நாளன்று பிரித்தானியாவில் கொரோனா மரணங்கள் 30,000ஐத் தாண்டியிருந்தன. குண்டுவீச்சுக்குத் தப்பியோர் பலர் பராமரிப்பு இல்லங்களில் தனிமையில் மடிந்தனர்.

மே 8 இலங்கைக்கு முழு வெற்றியாக இருக்கவில்லை. தென்கிழக்காசிய நேச அணிக் கட்டளைத் தலைமையகம் அப்போது கண்டியில் இயங்கியது. ரங்கூன் மீட்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தன. ஜப்பானுடனான போர் ஆகஸ்ட் வரை நீடித்தது. என் தந்தையார் திருகோணமலையில் பிறந்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவருக்கு ஒன்பது வயது. அந்த விமானங்களின் இரைச்சலைப் பற்றி இறுதிவரை பேசினார். வெற்றி நாளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

அன்றைய செய்திகளில் என்னை நெடுநேரம் நிறுத்தியது பேர்லின். தோற்ற நாட்டின் தலைநகரம், 2020 மே 8ஐ அந்த ஓராண்டுக்கு மட்டும் பொது விடுமுறையாக்கியது. 1985இல் ஜனாதிபதி வைசக்கர் அந்த நாளை விடுதலையின் நாள் என்று நாடாளுமன்றத்தில் கூறியிருந்தார். அப்படிச் சொல்வதற்கு ஜேர்மனிக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

பத்து நாட்களின் பின் எமக்கும் மே 18 வந்தது. 2009இல் முடிந்த யுத்தத்தின் 11ஆவது ஆண்டு. மறுநாள் பத்தரமுல்லையில் படைவீரர் நினைவுத்தூபியருகே அரச நிகழ்வு நடைபெற்றது. முதல்நாள் மாலையோ வடக்கிலும் கிழக்கிலும் பல வீடுகளில் சத்தமின்றி விளக்கேற்றப்பட்டது. ஒருபுறம் வெற்றி, மறுபுறம் துக்கம். இரண்டும் ஒரே நாட்டின் பிரஜைகளுக்குரியவை.

ஐரோப்பிய ஒப்பீட்டை இங்கே அப்படியே பொருத்த முடியாது. அங்கே நாடுகள் மோதின; இங்கே ஒரே நாட்டுக்குள் யுத்தம் நடந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம். பிரித்தானியாவின் விழாவைக் கொள்ளைநோய் வீட்டுக்குள் அடைத்தது. அது தற்காலிகத் தடை. எமது மக்களில் ஒரு பகுதியினரின் துக்கம் கொள்ளைநோய்க்கு முன்னரே ஆண்டுக்கணக்காக வீட்டுக்குள் அடைபட்டிருந்தது.

வெற்றியைக் கொண்டாட வீதி வேண்டும் என்பார்கள். இறந்தவரை நினைக்க ஒரு சிட்டி விளக்கு போதும். அந்த விளக்கை வாசலிலும் வைக்கலாம் என்று சொல்ல ஒரு நாட்டுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதே என் கேள்வி.