மூலையில் நின்ற பேரொலிப் பெட்டிகள்

வீட்டுக்குள் நல்லிசை கேட்க விரும்பிய மனிதன், அதற்காகத் துணி அலமாரி அளவுக்குப் பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கூடத்தின் மூலையில் நிறுத்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அது நீடித்தது. அக்காலத்துப் பெட்டிகளிற் பல பின்னர் கார் கொட்டகைக்கும், அங்கிருந்து குப்பைமேட்டுக்கும் போயின. தப்பியவற்றைத் தேடிப் பிடித்து, தம் வீட்டிலேயே பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பேச வைப்போர் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் மீட்பது மரத்தையும் காந்தத்தையும் மட்டுமன்று. ஒரு காலம் எதை நல்ல ஒலி என்று கொண்டாடியதோ அந்த ஒலியையும் சேர்த்தே மீட்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றே விரித்துக் காண்போம்.

தமிழில் நாம் ஒலிபெருக்கி என்று வழங்குவது உண்மையில் ஒலியைப் பெருக்குவதில்லை. பெருக்குவது ஆம்ப்ளிஃபயர், பெருகிய மின்சாரத்தைக் காற்றில் அதிர்வாக மாற்றுவதே ஸ்பீக்கரின் வேலை. ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்ற நாம் யார்? ஒலிபெருக்கி என்றே சொல்லிச் செல்வோம்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இன்றைய ஒலிபெருக்கிக்கு அடித்தளம். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்க, கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. இவ்வளவே அதன் இயக்கம். ஆனால் கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று சந்தித்தால் தாழ்ந்த சுரங்கள் மாய்ந்துவிடும். அவற்றைப் பிரித்து வைக்கவே பலகையும் பெட்டியும் வந்தன. விநாடிக்கு 40 முறை அதிரும் ஒரு தாழ்ந்த சுரத்தின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கும் மேல். அத்தகைய அலையை ஒரு சாண் அகலப் பெட்டியிலிருந்து எழுப்புவது எளிதன்று. பழைய பெட்டிகள் பெரிதாக இருந்ததற்குக் காரணம் ஆடம்பரம் மட்டுமன்று என்பதை இதனால் அறியலாம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இல்க்லி என்று ஒரு சிற்றூர். துணி வணிகத்தில் இருந்த கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர், தம் வீட்டு நிலவறையில் 1932இல் ஒலிபெருக்கிகள் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டில் பிராட்ஃபோர்ட் நகர வானொலிச் சங்கம் நடத்திய போட்டியில் முதற் பரிசும் இரண்டாம் பரிசும் அவருக்கே கிடைத்தன. ஊர் அமைந்த பள்ளத்தாக்கின் பெயரையே தம் தொழிலுக்கும் சூட்டினார்: வார்ஃப்டேல். பொறியியற் பட்டம் பெற்றவரல்லர் பிரிக்ஸ். ஆனால் காது கூர்மையானவர், எழுத்தில் நகைச்சுவை உள்ளவர். 1948இல் அவர் வெளியிட்ட ஒலிபெருக்கிகள் பற்றிய நூல் சாதாரண வாசகனைக் கையில் ரம்பம் எடுக்கச் செய்தது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு இடையே உலர்ந்த மணலை நிரப்பினால் பலகை தானாக அதிர்ந்து ஒலியைக் கெடுக்காது என்று காட்டியவர் அவர். செங்கல் அடுக்கி மூலையில் கட்டும் பெட்டியையும் அவர் விளக்கினார். வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று கேட்காதீர்கள்!

1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒலிப்பதிவையும் மேடையில் நேராக வாசிக்கும் இசையையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து, வேறுபாட்டை மக்களின் காதுக்கே விட்டார் பிரிக்ஸ். மூவாயிரம் பேர் அமரக்கூடிய மண்டபம் அது. அடுத்த ஆண்டில் நியூயார்க்கின் கார்னகி ஹாலிலும் இதே சோதனையை நடத்தினார்.

அக்காலத்துச் சூழலும் இதற்குத் துணை நின்றது. போர் முடிந்தபின் இராணுவத்தின் உபரி வானொலிப் பாகங்கள் லண்டன் கடைகளில் மலிவாகக் குவிந்தன. 1947இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட ஆம்ப்ளிஃபயர் வரைபடத்தைப் பார்த்து எத்தனையோ பேர் தாமே செய்துகொண்டனர். 1948இல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்தது. நல்ல ஒலி வேண்டுமென்றால் கடைக்குப் போவதைவிடக் கைவேலையை நம்புவதே உசிதம் என்ற நிலை. ஆகவே, வீட்டில் ஒலிபெருக்கியைப் பழுது பார்ப்பது இன்றைய புதுப் பொழுதுபோக்கன்று; அந்தப் பெட்டிகளிற் பல பிறந்ததே வீட்டில்தான்.

அமெரிக்காவில் கதை வேறு விதமாகச் சென்றது. ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹோப் நகரில் இராணுவத் தளமொன்றில் பணிபுரிந்த பால் கிளிப்ஷ், 1946இல் அங்கேயே தொழில் தொடங்கினார். நீண்ட ஊதுகொம்பைப் பலமுறை மடித்து ஒரு மரக்கூட்டுக்குள் அடக்கி, அறையின் இரு சுவர்களையே அக்கொம்பின் கடைசிப் பகுதியாக்கிய சூழ்ச்சி அவருடையது. மூலையில் நின்றாலன்றி அந்தப் பெட்டி முழுமை பெறாது. சில வாட் மின்சாரமே போதும், கூடம் நிறைந்துவிடும். ஆற்றல் குறைந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் காலத்தில் இது பெரும் பேறு. கிளிப்ஷ் 2002இல் காலமானார். அவருடைய மூலைக்கொம்பின் அடிப்படை அமைப்பு அவர் காலத்துக்குப் பின்னும் தொடர்கிறது.

மூன்றாவதாகச் சொல்லவேண்டியது டனாய். டாண்டலம் என்னும் உலோகத்தின் பெயரையும் கலப்பு உலோகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்துக் கை ஃபவுண்டன் என்பவர் உண்டாக்கிய பெயர் இது. பிரிட்டனின் படைமுகாம்களிலும் பொது இடங்களிலும் அறிவிப்புக் குழாய்களாக எங்கும் நிறைந்திருந்ததால், எந்த நிறுவனத்தின் அறிவிப்புக் கருவியையும் டனாய் என்றே மக்கள் அழைக்கலாயினர். அந்நிறுவனம் 1947இல் அறிமுகம் செய்த 'டூயல் கான்சென்ட்ரிக்' ஒரே அச்சில் இரு ஒலிபெருக்கிகளைக் கொண்டது. உச்ச சுரங்களை எழுப்பும் சிறு கருவி பின்னே ஒளிந்திருக்கும். அதன் ஒலி காந்தத்தின் நடுத்துளை வழியே முன்னே வந்து, தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பெரிய கூம்பையே தன் ஊதுகொம்பின் வாயாகக் கொண்டு வெளிப்படும். இதை நினைவில் வையுங்கள். பழுது பார்ப்போரின் தலைவலி பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

பெரிய பெட்டிகளின் அரசு சாய்ந்ததற்கு இரு காரணங்கள். 1954இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து எட்கர் வில்ச்சூர் வெளியிட்ட 'ஏஆர்-1', இறுக அடைத்த சிறு பெட்டியின் காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தித் தாழ்ந்த சுரங்களை எழுப்பியது. புத்தக அலமாரியிலேயே அதை வைக்கலாம். அதனிலும் கொடியது 1958இல் கடைகளுக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டு. ஒரு பெட்டி போய் இரு பெட்டிகள் வேண்டும் என்றாயிற்று. கூடத்தில் ஓர் அலமாரியைப் பொறுத்துக்கொண்ட இல்லத்தரசி இரண்டாவதையும் ஏற்பாரா? அத்துடன், ஒரு தச்சனைக் கொண்டு 1950இல் செய்வித்த பெட்டிக்கு 1958இல் இணை தேடுவதும் எளிதாக இல்லை.

திரையரங்குகளிலும் இப்படித்தான். பேசும் படங்களின் தொடக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் அரங்குகளுக்குக் கொடுத்த பெருங்கொம்புகள் விலைக்கு அல்ல, வாடகைக்கே தரப்பட்டன. பின்னாளில் அவற்றைப் பராமரித்த ஆல்டெக் நிறுவனம் 1941இல் ஜேம்ஸ் லான்சிங்கின் தொழிற்கூடத்தையும் வாங்கியது. அரங்குகள் இடிபட்டபோது பல கொம்புகள் பழைய இரும்பாகவும் விறகாகவும் போயின. அவற்றின் அருமையை முன்கூட்டியே உணர்ந்து தேடி வாங்கியவர்களில் ஜப்பானியர் முதன்மையானவர்கள். லான்சிங்கின் பெயர் தாங்கிய ஜேபிஎல் நிறுவனம் 1957இல் வெளியிட்ட 'பேரகான்' என்னும் பெட்டி இரண்டரை மீட்டருக்கும் அதிக நீளம். எடை 300 கிலோவைத் தாண்டும். 1983 வரை அது செய்யப்பட்டதற்கு ஜப்பானிய ரசிகர்களின் விருப்பம் ஒரு முக்கியக் காரணம். தம் நாட்டுச் செல்வத்தை அயலார் கப்பலேற்றிய பின்னரே அமெரிக்கரும் ஆங்கிலேயரும் விழித்துக்கொண்டனர் என்று சொன்னால் மிகையாகாது.

இனிப் பழுதின் தன்மைக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியிலிருந்து கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கப் பல நிறுவனங்கள் பாலியூரித்தேன் நுரை வளையத்தைப் பயன்படுத்தின. துணியையும் மடித்த காகிதத்தையும்விட அது இலகுவாக அசைந்தது. ஆனால் காற்றின் ஈரமும் உயிர்வாயுவும் அந்த நுரையை மெல்ல அரிக்கும் என்பது பிறகே தெரிந்தது. பத்து, இருபது ஆண்டுகளில் அது பிசுபிசுத்துப் பொடியாய் உதிர்கிறது. விரல் பட்டால் போதும். பயன்படுத்தாமல் மூடிவைத்த பெட்டியும் இதற்குத் தப்புவதில்லை. 1930களின் துணி விளிம்பு இன்றும் உழைக்க, 1970களின் நுரை விளிம்பு மண்ணாவது விந்தையே. விவரம் அறியாதவர் ஒலி கரகரப்பதைக் கேட்டு, கருவி செத்தது என்று எறிந்துவிட்டனர். மாற்றவேண்டியதோ அந்த வளையம் ஒன்றே.

அதை மாற்றும் முறை பொறுமையைச் சோதிப்பது. பழைய நுரையையும் பசையையும் ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுக்கவேண்டும். காகிதக் கூம்பு கிழியக் கூடாது. பின்னர், நடுவில் உள்ள தூசிமூடியை மெல்ல அறுத்து, கம்பிச் சுருளுக்கும் காந்தத்தின் நடுத்தண்டுக்கும் இடையே மெல்லிய காகிதப் பட்டைகளைச் செருகவேண்டும். அங்கே இருக்கும் இடைவெளி மயிரிழை. சுருள் நடுவே நிற்கும்படி இப்பட்டைகள் பிடித்திருக்க, புதிய வளையத்தை முதலில் கூம்பிலும், பசை காய்ந்தபின் சட்டத்திலும் ஒட்டவேண்டும். சிலர் மூடியை அறுக்காமல், மிகத் தாழ்ந்த சுரமொன்றைச் செலுத்தி, உரசல் கேட்காத இடத்தில் விளிம்பை நிறுத்துகிறார்கள். இரண்டாவது முறைக்குக் கைத்திறனோடு காதும் வேண்டும். அவசரப்பட்டவர் ஒட்டிய வளையம் சற்றே கோணினால், சுருள் காந்தத்தில் உரசி ஒவ்வொரு சுரத்திலும் முனகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

துணி விளிம்புக்கும் அதற்கே உரிய நோய் உண்டு. அடைத்த பெட்டி வகையில் துணியின் நுண்துளைகளை மூட ஒரு பசைப்பூச்சு இருக்கும். அது உலர்ந்தால் காற்று கசியும். காற்றே சுருள்வில்லாகிய பெட்டியில் காற்று கசிந்தால் மீதி என்ன? மீண்டும் பூசவேண்டும். ஆனால் கெட்டியாகும் பசையைப் பூசினால் விளிம்பு விறைத்துத் தாழ்ந்த சுரம் மங்கிவிடும்.

காந்தத்திலும் வரலாறு இருக்கிறது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தமே பழைய பெட்டிகளின் உயிர். 1978இல் ஆப்பிரிக்காவின் ஸயர் நாட்டில், ஷாபா மாகாணத்தில் போர் மூண்டது. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. விலை எகிறவே, நிறுவனங்கள் ஃபெரைட் காந்தத்துக்குத் திரும்பின. எங்கோ ஒரு சுரங்கப் பகுதியில் வெடித்த துப்பாக்கி, லண்டன் வீட்டுக் கூடத்தின் ஒலியை மாற்றியது! அல்னிகோவுக்கு ஒரு பலவீனம்: காந்தச் சுற்றைப் பிரித்துக் கழற்றினால் அதன் ஆற்றல் குறைந்துவிடும். ஆர்வத்தால் காந்தத்தையே பிரித்துப் பார்க்கும் இளைஞர் இதை அறிந்திருப்பது நலம்.

இங்கேதான் மீட்பாளர்களிடையே வழக்கு எழுகிறது. பழுதான கூம்புக்குப் பதில் புதுக் கூம்பைப் பொருத்தினால் அது பழைய கருவியா? முன்பு சொன்ன டனாயை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய கூம்பே உச்ச சுரத்தின் ஊதுகொம்பு. வளைவு சற்று மாறிய கூம்பைப் பொருத்தினால் தாழ்ந்த சுரம் மட்டுமல்ல, உச்ச சுரமும் வேறாகிவிடும். வெளியே பார்த்தால் அதே பெட்டி, அதே பெயர்ப்பலகை, பேசுவதோ வேறொருவர். அழகான பெட்டியை உடைத்து உள்ளே இருக்கும் கருவியை மட்டும் விற்று லாபம் காண்போரை விடவும், நல்லெண்ணத்தோடு திருத்த வந்தவர்களாலேயே அதிகம் இழந்துவிட்டோமோ என்று நாம் எண்ணுவதுண்டு. தேய்ந்ததை மாற்றலாம்; தேயாததைத் தொடக் கூடாது என்பதே நம் கருத்து.

காகிதக் கூம்பே இல்லாத ஒரு கருவியையும் குறிப்பிடவேண்டும். ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் மின்நிலை ஒலிபெருக்கியில், மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் உயர்மின்னழுத்தத்தில் நின்று அதிர்கிறது. வாக்கரின் சொந்த ஆம்ப்ளிஃபயர் 15 வாட் ஆற்றலே உடையது. பின்னர் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களின் பேராற்றலை இணைத்தபோது படலத்தில் பொறி பறந்து துளை விழுந்தது. தூசியும் அதற்குப் பகை. படலத்தைச் சீராக இழுத்து மீண்டும் ஒட்டும் கலையை வீட்டிலேயே கற்றோர் உண்டு. ஆனால் தாழ்ந்த சுரப் பலகைகளில் நிற்பது 6000 வோல்ட் அளவு. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் திருப்புளியோடு புறப்படவேண்டாம்.

எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான வேலை ஒன்று எஞ்சுகிறது. தாழ்ந்த சுரங்களையும் உச்ச சுரங்களையும் பிரித்தனுப்பும் சுற்றில் உள்ள கண்டன்சர்கள் காலத்தால் அளவு மாறிவிடும். மீட்பாளர் முதலில் அவற்றை அளந்து பார்க்கிறார். கெட்டதை மட்டும் அதே அளவுள்ள புதியதால் மாற்றுகிறார். பின்னர் ஒன்றரை வோல்ட் பாட்டரியைத் தொட்டு, இரு பெட்டிகளின் கூம்புகளும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்று சரிபார்க்கிறார். கழற்றிய பழைய கண்டன்சரை எறிந்துவிடாமல், தேதி எழுதிய சிறு பையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடுவோரும் உண்டு. இனி அதைத் திறக்கப் போகிறவருக்காக.