பயனெட்: ஓர் ஊரின் பெயர் கத்தியான கதை

1611-இல் ராண்டல் காட்கிரேவ் என்னும் ஆங்கிலேயர் பெரிய பிரெஞ்சு–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான ‘பயனெட்’டின் பிரெஞ்சு மூலச்சொல் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. தட்டையான சிறு குத்துவாள், அல்லது இடைக்கச்சையில் தொங்கவிடும் பெரிய கத்தி என்பதே அவர் தரும் பொருள். பழைய கடற்படைப் பயனெட்டுகளையும் தோட்டா பெல்ட்டுகளையும் தேடிச் சேர்ப்பவர்கள் இந்தப் பதிவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கச்சையில் கிடந்த கத்திக்கு வந்த பெயர் எங்கெல்லாம் போய், கடைசியில் எங்கே திரும்பியது என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாறு.

பெயரின் வேர் பிரான்சின் தென்மேற்கு மூலையில் உள்ள பயோன் நகரம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. அதூர், நீவ் என்னும் இரு ஆறுகள் கூடும் இடத்தில், பாஸ்க் மக்களின் நிலத்தில் அந்த ஊர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் லபுர்தும். பயோன் என்ற பெயரைப் பாஸ்க் மொழியின் ‘இபாய்’ (ஆறு), ‘ஒன்’ (நல்ல) என்ற இரு சொற்களாகப் பிரித்து, ‘நல்லாறு’ என்று பொருள் சொல்வதுண்டு. கத்திக்குப் பேர்போன ஊர் அது. பத்தமடை என்றால் பாய், திண்டுக்கல் என்றால் பூட்டு என்று நாம் சொல்வதுபோல, பயோன் ஊர்க் கத்தி ‘பயோனெத்’ ஆயிற்று. ஊரை மறந்து பொருளை மட்டும் நினைப்பது எல்லா மொழிக்கும் உள்ள பழக்கம். ‘சீனி’ என்னும்போது சீனத்தையும், ‘பங்களா’ என்னும்போது வங்காளத்தையும் நாம் எங்கே நினைக்கிறோம்?

வேறொரு கருத்தும் உண்டு. பழைய பிரெஞ்சில் குறுக்குவில் வீரனுக்கு ‘பயோனியே’ என்று ஒரு சொல் இருந்தது; பயனெட் அதன் வழி வந்தது என்பர் சிலர். ஆனால் காட்கிரேவ் காட்டும் பொருளில் வில்லும் இல்லை, அம்பும் இல்லை. ஆகவே ஊர்ப்பெயர் விளக்கமே எனக்கு உறுதியாகப் படுகிறது.

வெடிமருந்து தீர்ந்துபோன பாஸ்க் உழவர்கள் தங்கள் கத்திகளைத் துப்பாக்கி வாயில் செருகிக்கொண்டு பாய்ந்தார்கள் என்று அந்தப் பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. கத்தி துப்பாக்கிக்குப் போன வழியை அது விளக்கலாம், பெயரை விளக்காது. பெயர் அதற்கு முன்பே கத்திக்கு அமைந்துவிட்டது. துப்பாக்கியோடு அது சேர்ந்ததற்குப் பழைய சான்று புய்செகூர் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் நினைவுக் குறிப்புகள். 1640-களில் பிளாண்டர்ஸ் பகுதியில் இருந்த தம் வீரர்கள், ஓரடி நீள அலகும் அதே நீளத்தில் மரப்பிடியும் கொண்ட பயனெட்டுகளைத் துப்பாக்கிக் குழாயின் வாயில் செருகியதாக அவர் எழுதுகிறார்.

வாயை அடைத்தபின் துப்பாக்கி சுடாது. இந்தக் குறையின் விலை 1689 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தின் கில்லிக்ராங்கியில் தெரிந்தது. மலைநாட்டு வீரர்கள் சரிவில் பாய்ந்து இறங்கியபோது, ஜெனரல் மக்கேயின் படையினரால் பயனெட்டைச் செருகி முடிக்க முடியவில்லை, படை சிதறியது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் வோபான், குழாயைச் சுற்றி மாட்டும் வளைய அமைப்பைப் புகுத்தினார். பயோன் நகரின் கோட்டையை வடிவமைத்தவரும் அவரே. குழாயின் வாய் திறந்தே இருந்ததால் சுடவும் முடிந்தது, குத்தவும் முடிந்தது. 1703-இல் பிரெஞ்சுப் படை நீள ஈட்டியைக் கைவிட்டது.

வளையத்தில் வெட்டிய காடியில் குழாயின் முளை புகும். ஒரு திருகு திருகினால் பூட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் பின் வைத்த குண்டு பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருப்புகிறோமே, அதே முறைதான். அந்தப் பல்பின் அடிப்பாகத்துக்கு இன்றும் பயனெட் என்றே பெயர்.

தமிழில் பயனெட்டுக்குத் ‘துப்பாக்கிச் சனியன்’ என்று ஒரு பெயர் வழங்கியது. உருதுவில் பயனெட் ‘சங்கீன்’. அது கல்லைக் குறிக்கும் ‘சங்க்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சிப்பாய்களின் வாயிலிருந்து கேட்ட சங்கீன்தான் தமிழ்க் காதில் சனியனாக மாறியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பிடித்தால் விடாத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்தியும் விட்டது.

இனிக் கடற்படைக்கு வருவோம். ஜான் டால்கிரென் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ‘பிளிமத்’ துப்பாக்கியை உருவாக்கினார். அவர் பீரங்கிச் சோதனைகள் நடத்திய கப்பலின் பெயர் அது. கப்பலுக்கோ ஓர் ஊரின் பெயர். அந்தத் துப்பாக்கிக்கு அவர் விரும்பிய பயனெட், ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள, அகன்று தடித்த போவி வகைக் கத்தி. அது முதன்மையாகக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதற்கு உரியது என்பதே அவர் எண்ணம். களத்தில் இருப்பவனுக்குக் குட்டையான, வலுவான கத்தி ஒன்று பல வேலைகளுக்கு உதவும் என்று அவர் கருதினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிக்கோப்பியில் ஏம்ஸ் நிறுவனம் செய்த அந்தக் கத்திகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் டால்கிரென் பயனெட் என்றே சொல்கிறார்கள்.

தோட்டா பெல்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. பித்தளைத் தோட்டாக்கள் வந்தபின் அவற்றைத் தோல் பெல்ட்டில் செருகினார்கள். தோலும் பித்தளையும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பூக்கும், தோட்டா ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கப் படை அதிகாரி ஆன்சன் மில்ஸ் 1867-இல் தம் தோட்டா பெல்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பெல்ட்டும் தோட்டா உறைகளும் ஒரே நெசவாக வந்தன. தோல் போனது, களிம்புத் தொல்லையும் போனது. 1895-ஆம் ஆண்டு மாதிரி லீ துப்பாக்கி ஏந்திய அமெரிக்க மாலுமிகள் அணிந்தது மில்ஸ் பெல்ட்டுகளைத்தான்.

சேகரிப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: கத்தியை மட்டும் வாங்கி, உறையையும் பெல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். களிம்பு பூத்த பழைய தோலானாலும் சேர்த்தே வையுங்கள். டால்கிரென் மாலுமிக்குக் கொடுத்தது இடுப்பில் தொங்கும் ஒரு நல்ல கத்தி. காட்கிரேவ் எழுதிவைத்த பொருளும் அதுதான்.