இருவர் ஏற்ற பணியும் ஒருவர் பெற்ற பெயரும்

கணவனும் மனைவியுமாக இணைந்து ஓரிரு ஆண்டுகள் அயல்நாட்டில் ஊதியம் கருதாது தொண்டு புரிவதும், இடையே கிடைக்கும் விடுமுறையில் அருகிலுள்ள தீவுகளைக் கண்டு மகிழ்வதும் இக்காலத்தின் புதிய வழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். 1958இல் பிரிட்டனில் தொடங்கிய கடல்கடந்த தன்னார்வப் பணி நிறுவனமும், 1961இல் அமெரிக்க அரசு நிறுவிய அமைதிப் படையும் இவ்வழக்கத்திற்கு வித்திட்டன என்பர். ஆயினும் கொங்கு நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைக் கற்கும் நமக்கு இது புதுமையன்று. நம் சபைகளின் அடித்தளத்தை இட்டவர்கள் கடல் கடந்து வந்த தம்பதியரே. அவர்களுக்கும் ஓய்வுக்காலம் இருந்தது. மலைகளும் தீவுகளும் அவர்களுடைய வாழ்க்கையில் இடம் பெற்றிருந்தன. எனவே அவர்களுடைய வரலாற்றினிடத்தில் நாம் இரண்டு வினாக்களை எழுப்புவது தகும். இருவராக ஏற்ற பணியில் யாருடைய பெயர் நின்றது? ஓய்வு யாருக்குக் கிடைத்தது?

1. கோயம்புத்தூருக்கு வந்த தம்பதியர்

1795இல் தோன்றிய லண்டன் மிஷனெரி சங்கம் தன் முதற் பணிக்களமாகத் தேர்ந்தது இந்தியாவையன்று, தென்கடல் தீவுகளையே. 1796இல் 'டஃப்' என்னும் கப்பலில் 30 ஆடவர் அனுப்பப்பெற்றனர். அவர்களுள் நால்வர் மட்டுமே குருப்பட்டம் பெற்றவர்கள். ஏனையோர் தச்சர், கொத்தனார், நெசவாளர் போன்ற கைத்தொழிலாளர். சிலர் தம் மனைவியரையும் உடன் அழைத்துச் சென்றனர். 1797 மார்ச்சுத் திங்களில் அவர்கள் தாகித்தித் தீவில் இறங்கினர். 'முப்பது மிஷனெரிகள்' என்று வரலாற்று நூல்கள் எண்ணும்போது அம்மனைவியர் அந்த எண்ணிக்கையில் அடங்குவதில்லை என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

அதே சங்கத்தின் சார்பில், கைத்தொழில் துறையினராக 1827இல் நாகர்கோவிலுக்கு வந்தவர் டபிள்யூ. பி. அடிஸ் என்பார். 1830இல் அவர் தம் துணைவியாருடன் கோயம்புத்தூரில் குடியேறி மிஷனைத் தொடங்கினார். 1861 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், இவ்வூரே அவர்களுடைய பணிக்களமாயிற்று. அக்காலத்தில் கோயம்புத்தூருக்கு இருப்புப்பாதை இல்லை. பயணம் மாட்டுவண்டியிலும் குதிரையிலுமே நிகழ்ந்தது. அடிஸ் ஐயர் ஊர்தோறும் சென்று பிரசங்கித்தார், பள்ளிகளை நிறுவினார். அம்மையார் பெண்பிள்ளைகளின் கல்வியைத் தம் பொறுப்பாக ஏற்றார். ஆடவர் நுழைய இயலாத வீடுகளின் வாயில் அக்காலத்தில் பெண்களுக்கு மட்டுமே திறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அம்மையாரின் பணி ஐயரின் பணிக்குத் துணையன்று, அதன் மறுபாதியே என்பது விளங்கும்.

ஆனால் சங்கத்தின் அறிக்கைகளில் அவர் 'திருமதி அடிஸ்' மட்டுமே. இது கோயம்புத்தூருக்கு மட்டும் உரிய குறையன்று. 1796 முதல் 1923 வரை தான் அனுப்பிய மிஷனெரிகளின் பட்டியலை அச்சங்கம் வெளியிட்டபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் வழங்கியது. மனைவியரின் பெயர்கள் கணவரின் குறிப்பினுள் அடங்கின. 1875க்குப் பின்னர் மணமாகாத மகளிரைத் தனியாகத் தேர்ந்தனுப்பும் முறை வந்தது. அவர்களுக்குத் தனி நியமனமும் தனி எண்ணும் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் உழைத்த மனைவிக்கு எண் இல்லை; மணமாகாது வந்தவருக்கு எண் உண்டு. பணியின் அளவு இதனைத் தீர்மானிக்கவில்லை. நியமனத்தின் வடிவமே தீர்மானித்தது.

2. யாழ்ப்பாணத்துத் தம்பதியர்

கொங்கு நாட்டோடு தொடர்புடைய மற்றொரு தம்பதியர் குழுவினை நாம் யாழ்ப்பாணத்தில் காண்கின்றோம். அமெரிக்கன் போர்டு என வழங்கிய மிஷன் சங்கம் 1816இல் அங்கே பணியைத் தொடங்கியது. 1819–20இல் வந்த இரண்டாம் குழுவில் ஸ்கடர், ஸ்பால்டிங், வின்சுலோ, உட்வர்ட் ஆகியோர் தத்தம் மனைவியரோடு வந்து சேர்ந்தனர்.

இவர்களுள் மைரன் வின்சுலோவின் பெயரை அறியாத இறையியல் மாணவர் இல்லை. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது; இன்றும் நம் நூலகங்களில் அது பயன்படுகின்றது. அவருடைய துணைவியார் ஹாரியட் வின்சுலோவின் பெயரை அறிந்தோர் சிலரே. 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். ஆசியாவின் தொன்மையான பெண்கள் விடுதிப் பள்ளிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகின்றது. அயல்நாட்டுப் பணிக்குச் செல்லவேண்டும் என்னும் விருப்பம் அவருக்குத் திருமணத்திற்கு முன்னரே இருந்தது. ஆயின் மணமாகாத இளம்பெண் ஒருத்தியை அக்காலத்துச் சங்கம் எளிதில் அனுப்பாது. 1819 ஜனவரியில் திருமணம். அவ்வாண்டு ஜூனில் கப்பற்பயணம். 1833இல் அவர் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார். கணவரைப் பின்தொடர்ந்து வந்தவர் என்று அவரைக் கூறுவது, அவர் கொண்டிருந்த அழைப்பை மறைப்பதாகும்.

3. மலையும் தீவும்: ஓய்வின் வரலாறு

அக்காலத்து மிஷனெரிகளுக்கு விடுமுறை என்பது பொழுதுபோக்கன்று. பெரும்பாலும் உயிர் காக்கும் முயற்சியே. தீவு என்பதும் அவர்களுக்கு இன்பச் சுற்றுலாத் தலமன்று. அமெரிக்கன் போர்டின் முதற் குழுவில் வந்த ஹாரியட் நியூவல், இந்தியாவில் தங்க இசைவு கிடைக்காமையால் கணவருடன் கடலில் அலைந்து, 1812 நவம்பர் 30ஆம் நாள் மொரீசியசுத் தீவில் தம் 19ஆம் வயதில் இறந்தார். யாழ்ப்பாணத்து முதல் மிஷனெரிகளான வாரன், ரிச்சர்ட்ஸ் இருவரும் நோய்க்கு மாற்றுக் காலநிலை நாடி ஆப்பிரிக்காவின் தென்முனைக்குச் சென்றனர். வாரன் 1818இல் அங்கேயே மறைந்தார். ரிச்சர்ட்ஸ் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பி 1822இல் இறந்தார்.

பின்னர் நீலகிரி அத்தகையோரை ஈர்த்தது. கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819இல் அம்மலைக்குச் சென்றபின், வெள்ளையர் அங்கே வீடுகள் அமைக்கத் தொடங்கினர். அதனால் நோயுற்றோர் பலருக்குக் கோயம்புத்தூர் மலையடிவாரத் தங்கலாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து உடல்நலம் நாடி இப்பகுதிக்கு வந்த ஹென்றி உட்வர்ட் 1834இல் கோயம்புத்தூரில் உயிர்நீத்தார். தீவுகள் சூழ்ந்த யாழ்ப்பாணக் கரையில் தொடங்கிய ஓர் ஊழியம் கொங்கு மண்ணில் முடிவுற்றது.

அவருடைய துணைவியாரின் வரலாற்றை நாம் ஈண்டுக் கூர்ந்து நோக்க வேண்டும். கிளாரிசா எமர்சன் என்னும் அப்பெண்மணி 1824இல் எட்மண்ட் ஃபிராஸ்டின் மனைவியாகப் பம்பாய்க்கு வந்தார். அடுத்த ஆண்டே ஃபிராஸ்ட் இறந்தார். பின்னர் உட்வர்டை மணந்து யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்தார். உட்வர்டும் இறந்தபின், மதுரை மிஷனின் முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் டாடை மணந்தார். 1837இல் தாமும் மறைந்தார். பம்பாய், யாழ்ப்பாணம், மதுரை ஆகிய மூன்று மிஷன்களில் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள்! ஆயினும் பதிவேடுகளில் அவரைத் தேடுவோர் மூன்று ஆடவரின் பெயர்களின் கீழே தேட வேண்டியுள்ளது. கணவர் இறந்ததும் அவருடைய பணி நின்றுவிடவில்லை. பணியைத் தொடரவேண்டுமாயின் மற்றொரு மிஷனெரியை மணப்பதே அக்காலத்து விதவைக்கு எளிதாகத் திறந்திருந்த வழி.

மரணங்கள் மிகுந்தமையால் மதுரை மிஷனார் 1845இல் கோடைக்கானலில் இரண்டு வீடுகளை எழுப்பினர். அதுவே அம்மலையூரின் தொடக்கம். அதனால் பல உயிர்கள் காக்கப்பட்டன. அதை நாம் குறை கூறலாகாது. ஆயினும் மிஷனெரி மலையில் இருந்த மாதங்களில் சமவெளியில் சபையைக் காத்தவர் யார்? உபதேசியார், பள்ளி ஆசிரியர், வீடுவீடாகச் சென்ற வேதாகம ஸ்திரீகள். அவர்களுக்கும் அதே வெயில், அதே காலரா. மலை வீடு மட்டும் இல்லை. ஓய்வு என்பது திருச்சபையில் உரிமையாக அன்றிச் சலுகையாகப் பங்கிடப்பட்டதை இவ்வரலாறு காட்டுகின்றது.

4. அருகிலுள்ள தீவுகள் பணிக்களமான விதம்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. தம் ஊர் நினைவை அயல்மண்ணின்மீது எழுதுவது பயணியின் இயல்பு. அங்கு வாழ்வோரோ தம் பழம்பெயர்களை விடவில்லை.

இத்தீவுகளை அயலாரின் பார்வையில் அன்றி அயலகத்தாரின் பொறுப்பாகக் கண்டவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள். 1847இல் அவர்கள் தமக்கென ஒரு சுதேச நற்செய்திச் சங்கத்தை நிறுவி, தம் காணிக்கையால் நெடுந்தீவு முதலிய தீவுகளில் பணியை மேற்கொண்டனர். 1900ஆம் ஆண்டளவில் அவர்களுடைய மாணவர் சங்கம் பாக்குநீரிணையைக் கடந்து தொண்டிப் பகுதிக்குத் தொண்டரை அனுப்பியது. 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா இதனைக் கண்டு உள்ளம் குத்தப்பட்டார். மறு ஆண்டு, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பெற்றுக்கொள்ளும் சபை அனுப்பும் சபையாக மாறியதற்கு ஒரு சிறு தீபகற்பத்தின் தீவுப்பணி வழிகாட்டிற்று.

லண்டன் மிஷனெரி சங்கத்தின் தென்கடல் சபைகளிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி உண்டு. ராரொத்தோங்காவில் 1839இலும் சமோவாவின் மாலுவாவில் 1844இலும் தொடங்கிய இறையியற் பயிற்சிக் கூடங்களில், மணமான மாணவர்கள் மனைவியரோடு தங்கினர். மனைவியர்க்கும் பாடங்கள் நடத்தப்பெற்றன. அவ்வழியில் உருவானோர் பிற தீவுகளுக்குத் தம்பதியராகவே சென்றனர். 1872இல் பாப்புவாவுக்குச் சென்ற ருவாதோகாவும் அவர் மனைவி துங்கானேயும் அவர்களுள் அடங்குவர். கோயம்புத்தூரில் நம் முன்னோரை வளர்த்த அதே சங்கம், கடலின் மறுபுறத்தில் மனைவியையும் பயிற்சிக்குரியவராகக் கண்டது என்பது நம் கருத்துக்குரியது.

5. நாம் கற்க வேண்டியவை

திருமறையில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகியோர் ஆறு இடங்களில் குறிக்கப்படுகின்றனர். தொன்மையான கைப்படிகளின்படி அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முன் நிற்கின்றது. ரோமாபுரி, கொரிந்து, எபேசு என ஊர் ஊராகப் பெயர்ந்து சென்ற அத்தம்பதியரைப் பவுல் அப்போஸ்தலர் தம் உடன் வேலையாள்கள் என இருவரையும் சேர்த்தே அழைக்கின்றார். 'ஆக்கில்லாவும் மனைவியும்' என அவர் எழுதவில்லை. ஓய்வைக் குறித்தும் நற்செய்தி நூல் தெளிவாயுள்ளது. பணிமுடித்துத் திரும்பிய சீடர்களைத் தனித்த இடத்திற்கு வந்து இளைப்பாறும்படி ஆண்டவர் அழைத்தார். அவ்வழைப்பு அவர்களுள் எவரையும் விலக்கவில்லை.

அமைதிப் படை போன்ற அமைப்புகள் தம்பதியரைச் சேர்க்கும்போது, இருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். இருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு வழங்கப்படும். திருச்சபைக்கு வெளியே தோன்றிய அமைப்பு இந்நேர்மையைக் கைக்கொண்டிருக்க, நம் சபைகளின் நிலை என்ன? ஆயரை ஒரு குருசேகரத்திற்கு அனுப்பும்போது நாம் நியமிப்பது ஒருவரை, எதிர்பார்ப்பது இருவரை. பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாட்பள்ளி, நோயாளர் சந்திப்பு, வந்தோர்க்கு உணவு ஆகிய யாவும் ஆயரம்மாவின் கடமை எனக் கொள்ளப்படுகின்றன. அவரை எவரும் கேட்பதில்லை. கேளாமல் பெற்ற உழைப்பைத் தன்னார்வத் தொண்டு என அழைப்பது சொல்லுக்கும் தகாது, அறத்திற்கும் தகாது. கணவர் மறைந்தால் அவர் ஆயர் இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டியவராகின்றார். கிளாரிசா எமர்சனின் நிலையிலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றோம்?

1950இல் கோயம்புத்தூர் திருமண்டலம் உருவாகி, ஏ. ஜே. அப்பாசாமி அதன் பேராயரானார். அதற்கு முன்னரே நூற்றிருபது ஆண்டுகளின் உழைப்பு இம்மண்ணில் புதைந்திருந்தது. கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம் ஆகிய இடங்களின் பழஞ்சபைகளில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உள்ளன. கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. சபை வரலாறு எழுத முற்படும் மாணவர்கள் ஆயர்களின் வரிசையை மட்டும் தொகுப்பதோடு நின்றுவிடலாகாது. ஆயர்களின் துணைவியர், உபதேசியார்கள், அவர்களின் மனைவியர், வேதாகம ஸ்திரீகள் ஆகியோரின் சொந்தப் பெயர்களையும் தேடி எழுத வேண்டும். மூத்தோரின் நினைவில் மட்டும் வாழும் பெயர்கள் பல. அவர்கள் மறையுமுன் அவை ஏட்டில் ஏறவேண்டும்.

ஆயர்கள் தம் சபைக்குழுவில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவரலாம். ஆயரின் துணைவியார் ஏற்கும் பொறுப்பு அவருடைய விருப்பத்தைக் கேட்டறிந்தே வழங்கப்படுக. ஏற்றால் அது அவர் பெயராலேயே பதியப்படுக. ஆயருக்கு ஆண்டு விடுமுறை உண்டெனில், உபதேசியார்க்கும் கோயிற்குட்டியார்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அவ்விடுமுறை அதே அளவில் வழங்கப்படுக. இவ்விரண்டிற்கும் பெருஞ்செலவு இல்லை. இருவரை அழைக்கும் சபை, இருவரையும் பெயர்சொல்லி அழைக்கக் கற்பதே முதற்படியாகும்.