இரவல் படைக்கு ஒரு தலைவர் வந்த கதை

வடமாலபேட்டையிலிருந்து சென்னை சாலையில் புத்தூர், நகரி, திருத்தணி தாண்டினால் அரக்கோணம். அதை அடுத்துத் தக்கோலம். 949-இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டது இங்கேதான். அவன் சாய்ந்ததும் சோழப் படை சிதறியது. இன்று தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பதும் இந்தப் பக்கத்தில்தான். தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

1999-இல் ஒடிசா புயல், 2001-இல் குஜராத் பூகம்பம், 2004-இல் சுனாமி. ஒவ்வொரு முறையும் ராணுவத்தைத்தான் கூப்பிட்டோம். அதற்கு ஒரு முறை உண்டு. என்ன வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகம் கேட்கும்; எப்படிச் செய்வது என்பதைப் படை அதிகாரி முடிவு செய்வார். கலெக்டரே ஆனாலும் சிப்பாய்க்கு நேரடியாக உத்தரவு போட முடியாது. ஏற்பாட்டில் குற்றமில்லை. ஆனால் எல்லை காக்கப் பழகிய முகாமில் கான்கிரீட் அறுக்கும் கருவி எதற்கு இருக்கப்போகிறது?

2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு மீட்புப் படையின் எட்டு பட்டாலியன்கள் எழுந்தன. எல்லாம் இரவல்: எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ், இந்தோ-திபெத் எல்லைக் காவல், மத்திய தொழில் பாதுகாப்புப் படை, ஆளுக்கு இரண்டு. அரக்கோணத்துக்கு வந்தது தொழில் பாதுகாப்புப் படை.

பெயர் வைத்தாயிற்று, பிள்ளை கைக்கு வரவில்லை. மீட்புக்கென்று ஒதுக்கியவர்களையே சட்டம் ஒழுங்குக் காவலுக்கும் அனுப்பினார்கள். கலவரத்துக்குப் போனவர் வெள்ளத்துக்கு எப்போது வருவார்? 2007 அக்டோபரில் பிரதமர் முன்னிலையில் இந்தக் குறை பேசப்பட்டது. 2008 பிப்ரவரி 14-இல் விதிகள் வந்தன: இனி பேரிடர் ஒன்றே வேலை, தலைமை இயக்குநர் ஒருவரே தலைவர். என்னைக் கேட்டால் படை பிறந்த நாள் அதுதான். ஆறு மாதத்தில் கோசி ஆறு கரையை உடைத்தது. பீகாரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை இவர்கள் மீட்டார்கள்.

ஆனால் முப்படை இந்தத் தலைமை இயக்குநரின் ஆணைக்குள் வராது; அவர்களும் மீட்புக்கு வருவதுண்டு. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடிய நாட்களில், அனந்தபுரம் மாவட்டத்துச் சித்ராவதி ஆற்றில் சிக்கிய 10 பேரைத் தூக்கியது விமானப்படை ஹெலிகாப்டர்.

வீரர்களோ இன்னமும் இரவல்தான். அரக்கோணத்தில் இடிபாட்டைக் குடையக் கற்றவர், சில ஆண்டுகளில் தாய்ப்படைக்குத் திரும்பி, ஏதாவதொரு விமான நிலைய வாசலில் நம் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.