பால்மரமும் பலகையும்

பேராக் மாநிலத்தின் அரச நகரமாகிய கோலகங்சாரில் முதிய இரப்பர் மரம் ஒன்று வேலி சூழ நிற்கின்றது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்த விதைகளின் வழிவந்தது அது. மறு ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. ஹியூ லோ என்பார் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த காலம் அது. அவ்வொன்பதில் எஞ்சியதாகப் போற்றப்படும் அம்மரத்தைக் காணச் செல்வோர் அதன் பாலைப் பற்றியே பேசுவர். இந்நாட்டுத் தமிழரின் வரலாறும் பெரும்பாலும் அப்பாலைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. பாலற்றுப் போனபின் மரம் என்ன ஆயிற்று, அதை வெட்டியவர் யார், அதன் பலகை யாருக்குப் போயிற்று என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை.

மரத்தை வாளால் அறுப்பதைத் தமிழ் ‘ஈர்தல்’ என்றது. அதற்குரிய கருவி ஈர்வாள். எந்திரம் வருமுன் மலாயாக் காடுகளில் மரம் ஈர்ந்தோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களே. பள்ளத்தின்மேல் அல்லது உயரமான சட்டத்தின்மேல் அடிமரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலே நிற்க, ஒருவர் கீழே நிற்க, நீண்ட வாளை மாறி மாறி இழுப்பர். கோட்டிலிருந்து வாள் பிறழாமல் பார்த்துக்கொள்வது மேலே நிற்பவரின் பொறுப்பு. கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் ஓயாமல் விழும். பெருமரத்தைக் காட்டிலிருந்து முழுதாக இழுத்து வருவது அரிது. ஆதலால் வாள் மரத்தைத் தேடிச் சென்றது. பலகை மட்டுமே வெளியே வந்தது.

பேராக்கிற்கு அப்பலகை மிகுதியாகத் தேவைப்பட்டது. இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. தண்டவாளத்தின் கீழ்க் கிடந்து பாரத்தைத் தாங்கக் கட்டைகள் வேண்டியிருந்தன. செங்கால் போன்ற வன்மரங்கள் அதற்கு ஏற்றவை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் ‘பாலோங்’ எனப்படும் உயர்ந்த சாய்தளங்கள் எழுந்தன. கலங்கல் நீரோடு ஈயமணலைப் பிரித்தெடுக்கும் அவ்வமைப்பு முழுவதும் கழியும் பலகையுமே. ஈப்போ வளர்ந்தபோது கடைவீடுகளின் மாடித் தளங்களும் தோட்டங்களின் லயத்துச் சுவர்களும் காட்டுமரப் பலகையால் அமைந்தன.

லயத்துச் சுவரில் இரப்பர் மரத்துக்கு இடமில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வாசலைத் திறந்தால் நிரை நிரையாக மரம். வீட்டுக்குப் பலகையோ வேறெங்கிருந்தோ. இதற்குக் காரணம் உண்டு. இரப்பர் மரத்தின் உடலில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சணம் ஏறி வெண்கட்டை நீலம் பூத்துவிடும். அதன்பின் துளைவண்டு குடியேறும். பார்க்க முழுமையாக இருக்கும் சட்டத்தை உள்ளே மாவாக்கிவிடும். அடிமரமும் குட்டையானது. அதிலும் கீழ்ப்பகுதி, இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் கத்தி பட்டு மேடும் பள்ளமுமாக இருக்கும். பீலி அடித்த இடத்திலும் மங்கு தாங்கிய கம்பி இருந்த இடத்திலும் இரும்பு உள்ளே புதைந்திருந்தால் வாளின் பல் போய்விடும். மரத்தினுள் எஞ்சிய பாலும் வாளில் பிசினாய் ஒட்டும்.

எனவே அது விறகாயிற்று. தோட்டத்து அடுப்பிலும் செங்கற் சூளையிலும் எரிந்தது. புகைக்கூடத்திலும் எரிந்தது, அதாவது, வெட்டுண்ட மரத்தின் புகையில்தான் வாழும் மரத்தின் பால் தகடுகளாய்க் காய்ந்தது. ‘கித்தாக்கட்டை’ என்று தோட்டத்தார் சொன்னால் அது விறகையே குறித்தது. காய்ந்த கிளையைப் பொறுக்கித் தலையில் சுமந்து வருவது தாய்மாரின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிருந்தது.

1952-இல் மறுநடவு நிதிச் சட்டம் வந்தபின் முதிய மரங்களை அழிக்கும் பணி விரைவு பெற்றது. வாளும் கோடரியும் செலவு மிக்கவை எனக் கருதப்பட்டதால், அடிமரத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சைத் தடவி நின்ற நிலையிலேயே மரத்தைக் கொல்லும் முறையும் கையாளப்பட்டது. அது மனிதருக்கும் கொடிய நஞ்சு. செத்த மரங்கள் சாய்ந்து மட்கின. அல்லது குவித்து எரிக்கப்பட்டன. இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் விலைபோகும் மரம் அந்நாளில் இப்படித்தான் ஒழிந்தது.

மாற்றம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. கெப்போங் வனஆராய்ச்சி நிலையம் 1929-இல் நிறுவப்பட்டது. 1985-இல் தனிச் சட்டத்தின்கீழ்த் தன்னாட்சி நிறுவனமாயிற்று. இரப்பர் மரத்தைப் பலகையாக்கும் வழியை அறிய அங்கு நடந்த ஆய்வுகள் 1970-களின் பிற்பகுதியில் ஆலைகளுக்குப் பயன்படலாயின. தளவாடத்துக்கு உகந்த ரமின் மரம் அருகிவந்தமையும் இதற்கு ஒரு தூண்டுகோல். கண்டறிந்த முறை எளியதே: வெட்டியவுடன் அறுக்க வேண்டும், அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்த வேண்டும், பின் சூட்டறையில் உலர்த்த வேண்டும். ஏறத்தாழ ஆறடி நீளத் துண்டுகளைச் சிறு பட்டைவாள்கள் அறுத்தன. கட்டையில் மூன்றில் ஒரு பங்கு பலகையாய்த் தேறினாலே நல்ல பயன் எனலாம். ஆயினும் குறுந்துண்டுகளைப் பல்வரிசைபோல் கோத்து ஒட்டி அகன்ற பலகையாக்கும் நுட்பம் அக்குறையை ஈடுசெய்தது. பின்னாளில் மலேசியாவின் மரத்தளவாட ஏற்றுமதியில் பெரும்பகுதி இம்மரத்தாலேயே ஆனது.

இங்கே ஒன்று தலைகீழாயிற்று. முன்பு மரத்தை வெட்டி அகற்றத் தோட்ட உரிமையாளர் செலவு செய்தார். இப்போது நின்ற மரத்துக்கே குத்தகைக்காரர் விலை கொடுத்தார். சங்கிலிவாளோடு ஆள்கள் வந்தனர். லாரிகள் கட்டைகளை ஆலைக்கு ஏற்றிச் சென்றன. வாள் மரத்தைத் தேடிச் சென்றது போய், மரம் வாளைத் தேடிச் சென்றது.

அக்காலத்திலேயே உலகின் வேறொரு மூலையில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. பெரிய ஆலையில் வாள் ஓரிடத்தில் நிற்கும், கட்டை நகரும். நடமாடும் அறுவை எந்திரத்திலோ கட்டை தரையில் கிடக்கும். சட்டத்தின்மேல் வாள் நகரும். பழைய ஈர்வாள்காரரின் முறைதான். கைக்குப் பதிலாக ஒரு சிறு எஞ்சின். 1980-களில் பாப்புவா நியூகினியில் இத்தகைய எந்திரத்தை ‘வோக்கபவுட்’, அதாவது நடந்துசெல்வது, என்றே அழைத்தனர். பிரித்துச் சுமந்து காட்டுக்குள் கொண்டுபோய், ஊரார் தம் மரத்தைத் தாமே பலகையாக்கினர். மரத்தை முழுக்கட்டையாக வெட்டுநிறுவனங்களுக்கு விற்பதற்கு அது ஒரு மாற்றாயிருந்தது. ஆனால் அங்கே நிலத்தின் மிகப்பெரும் பகுதி மரபுவழி ஊராருக்கே உரியது. எந்திரத்தை வாங்குமுன் அவர்களிடம் மரம் இருந்தது.

பேராக் தோட்டங்களில் அந்த எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் பால்வெட்டுத் தொழிலாளி எந்த மரத்தை அறுத்திருப்பார்? ‘என் நிரை’ என்று அவர் சொன்னது வேலைக்கணக்கே, உரிமைக்கணக்கு அன்று. கன்று ஊன்றியவர், களை பறித்தவர், பால் எடுத்தவர் ஆகிய எவருக்கும் அடிமரத்தில் பங்கு இருந்ததில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்டு 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கிய அச்சங்கத்தின் நிலத்தில் மட்டும், மரத்தின் உரிமை உறுப்பினர் கைக்கு வந்தது. மற்ற இடங்களில் மரம் விலைபெற்ற காலமும் தொழிலாளர் தோட்டத்தை விட்ட காலமும் ஒன்றையொன்று நெருங்கியே வந்தன. நிலம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ மாறியபோது வேலை போயிற்று. வேலையோடு ஒட்டிய வீடும் போயிற்று. கட்டை ஏற்றிய லாரியும் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிய லாரியும் ஒரே செம்மண் பாதையில்தான் சென்றிருக்கும்.

செம்பனை பரவப் பரவ இரப்பர்க் காடு சுருங்கிற்று. தளவாட ஆலைகள் கட்டை போதவில்லை என்று முறையிடலாயின. அறுத்த இரப்பர்ப் பலகையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அரசு தடை விதித்தது. அது 2017 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது.